ஆஃப் செய்த பிறகும் ஹைபிரிட் கார் ஏன் சத்தம் போடுகிறது?

ஹைபிரிட் கார், அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார், வாங்கிய முதல் வாரம். மாலை 6:15 மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போனேன். இரவு படுக்கப் போகும் முன் கேட்டைப் பூட்ட வெளியே வந்தால், காரின் பின்பக்கத்திலிருந்து "ம்ம்ம்ம்" என்று சன்னமாக ஓர் இரைச்சல். மீன் தொட்டிக்கு வைக்கிற காற்று பம்ப் ஓடுமே, கிட்டத்தட்ட அந்தச் சத்தம். சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிறது. வண்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. டார்ச் எடுத்து வந்து குனிந்து பார்த்தேன். எதுவும் சொட்டவில்லை, புகையவில்லை, பெட்ரோல் நாற்றமும் இல்லை. பெட்ரோல் டேங்க் இருக்கும் பக்கமாகக் காதைக் கொண்டுபோனால் சத்தம் கூடியது. பத்து நிமிடம் போல ஓடிவிட்டு, சின்னதாக ஒரு "டிக்" கேட்டு நின்றுபோனது. மணி பார்த்தேன், 11:30 ஆகப் போகிறது.

அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை வண்டியோடு வந்த கையேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டியபோது இரண்டு வரியில் விடை கிடைத்தது. வண்டியை அணைத்துச் சுமார் 5 மணி நேரம் கழித்து அடியிலிருந்து சில நிமிடங்கள் சத்தம் கேட்கலாம், பெட்ரோல் ஆவி எங்காவது கசிகிறதா என்று வண்டி தானே சோதித்துக்கொள்ளும் சத்தம் அது, பழுது அல்ல என்று போட்டிருந்தது. மாலை 6:15 உடன் 5 மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். 11:15. கணக்கு அப்படியே பொருந்தியது.

அன்றிலிருந்து ஹைபிரிட் காரின் சத்தத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, "ஆஃப் செய்து எவ்வளவு நேரம் கழித்துக் கேட்டது?" என்றுதான். சத்தத்தை வாயால் விவரிப்பது கஷ்டம். ஒருவருக்கு "உர்ர்" என்று கேட்பது இன்னொருவருக்கு "ஊம்" என்று கேட்கும். நேரத்தில் அந்தக் குழப்பம் இல்லை. முதல் நொடி, முதல் இரண்டு நிமிடம், முதல் அரை மணி, அப்புறம் ஐந்து மணி நேரம் கழித்து என்று ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று சத்தங்கள் இருக்கின்றன. அந்த வரிசையிலேயே போகலாம்.

அதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரண பெட்ரோல் காரில் பெரும்பாலான உறுப்புகள் எஞ்சினை நம்பி ஓடுகின்றன. ரேடியேட்டருக்குத் தண்ணீர் அனுப்பும் பம்ப், ஏசி கம்ப்ரஸர் எல்லாம் எஞ்சினோடு பெல்ட்டில் கட்டப்பட்டவை. பிரேக் மிதிக்கும்போது காலுக்கு உதவும் வெற்றிட விசைகூட எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது கிடைப்பதுதான். எஞ்சின் நின்றால் அத்தனையும் நின்றுவிடும்.

ஹைபிரிடில் அப்படி விட முடியாது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் நிற்கும், மெதுவாகப் போகும்போதும் நிற்கும், சரிவில் இறங்கும்போதும் நிற்கும். அந்த நேரத்தில் பிரேக் பிடிக்க வேண்டும், ஏசி குளிர வேண்டும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வர்ட்டர் சூடாகாமல் இருக்க வேண்டும். அதனால் இந்த வேலைகளைப் பெல்ட்டிலிருந்து கழற்றி, ஒவ்வொன்றுக்கும் தனி மின்மோட்டார் கொடுத்துவிட்டார்கள். எஞ்சின் ஓடாதபோதும் தன் வேலையைச் செய்யத் தெரிந்த பம்புகளும் விசிறிகளும் வண்டி முழுக்க இருக்கின்றன. நீங்கள் இறங்கிக் கதவைச் சாத்திய பிறகு ஏதாவது ஒன்று ஓடினால் அதில் ஆச்சரியம் இல்லை. அந்த நேரத்தில் அதன் சத்தத்தை அமுக்க வேறு சத்தமும் இல்லை, அதனால் எல்லாமே தெளிவாகக் கேட்கிறது.

மின்சாரத்திலும் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்று எல்லாக் காரிலும் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. விளக்கு, கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதில் ஓடும். மற்றது வண்டியை நகர்த்தும் பெரிய பேட்டரி. இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸை எடுத்துக்கொண்டால், தலா 1.2 வோல்ட் உள்ள 168 செல்களை வரிசையாகக் கோத்து 201.6 வோல்ட் வரும். அதை 500 வோல்ட் வரை உயர்த்தித்தான் மோட்டாருக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் பவர் பட்டனை அழுத்தி ஆஃப் செய்யும்போது உண்மையில் நடப்பது, இந்தப் பெரிய பேட்டரியை மற்ற எல்லாவற்றிலிருந்தும் துண்டிப்பது. 12 வோல்ட் பக்கம் முழுதாகத் தூங்குவதே இல்லை, அரைத்தூக்கம்தான். வண்டி நின்ற பிறகு வரும் பெரும்பாலான மின் சத்தங்கள் அந்த அரைத்தூக்கத்தில் நடக்கும் வேலைகள்.

முதல் நொடி: அந்த "டக்"

பட்டனை அழுத்தியவுடன் பின்சீட்டுக்கு அடியிலிருந்தோ டிக்கிப் பக்கத்திலிருந்தோ "டக்" என்று ஒரு சத்தம் வரும். சில வண்டிகளில் சின்ன இடைவெளி விட்டு இரண்டு, மூன்று தடவை. வண்டியை ஆன் செய்யும்போதும் இதே மாதிரி கேட்கும். புதிதாக ஹைபிரிட் ஓட்டுகிறவர்களைப் பயமுறுத்துவதில் இதற்குத்தான் முதலிடம், ஏதோ ஒரு பாகம் கழன்று விழுந்ததுபோல இருக்கும்.

இது பெரிய பேட்டரியின் மெயின் ரிலே. ஒரு கனமான ஸ்விட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு தடித்த செம்பு முனைகள், அவற்றை இணைக்க ஒரு செம்புத் தகடு, தகட்டை விலக்கிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங்கை எதிர்த்துத் தகட்டை இழுக்க ஒரு மின்காந்தச் சுருள். வண்டி ஆன் ஆகியிருக்கும் வரை சுருளுக்கு 12 வோல்ட் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், தகடு ஒட்டியபடி இருக்கும். ஆஃப் செய்தால் சுருளுக்கு மின்சாரம் நிற்கும், ஸ்பிரிங் தகட்டைத் தட்டிவிடும். அந்த "டக்" ஸ்பிரிங்கின் சத்தம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இணைப்பை வைத்திருக்கத்தான் மின்சாரம் தேவை, துண்டிக்கத் தேவையில்லை. 12 வோல்ட் பேட்டரி செத்தாலும், வயர் அறுந்தாலும், விபத்தில் ஏர்பேக் விரிந்து கம்ப்யூட்டர் உத்தரவு கொடுத்தாலும், சுருள் தளர்ந்து ஸ்பிரிங் ஜெயித்துவிடும், பெரிய பேட்டரி தனியாகிவிடும். எது கெட்டாலும் பாதுகாப்பான பக்கமாகவே சாயும்படி யோசித்துச் செய்திருக்கிறார்கள். தினமும் வண்டியை நிறுத்தும்போது நீங்கள் கேட்பது அந்தப் பாதுகாப்பு வேலை செய்யும் சத்தம்.

ஏன் ஒன்றுக்கு மேற்பட்ட "டக்"? ரிலே ஒன்றல்ல. பேட்டரியின் பிளஸ் பக்கம் ஒன்று, மைனஸ் பக்கம் ஒன்று, ஆன் செய்யும்போது மின்சாரம் ஒரேயடியாகப் பாயாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு, மின்சாரத்தைத் தடுத்துக் குறைக்கும் ரெசிஸ்டரோடு சேர்ந்த மூன்றாவது ஒன்று. ஆஃப் செய்யும்போது இவை ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கின்றன. நடுவில் கம்ப்யூட்டர் ஒரு சோதனையும் செய்கிறது, திறக்கச் சொன்ன ரிலே உண்மையிலேயே திறந்ததா, இல்லை முனைகள் உருகி ஒட்டிக்கொண்டதா என்று. வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்குப் பல தடவை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பும், அதனால் ஸ்விட்சைத் திறந்தால் பொறி எளிதாக அணைந்துவிடும். பேட்டரி மின்சாரத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை, இடைவெளியில் பொறியாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். இப்படிப்பட்ட ரிலேக்களில் அந்தப் பொறியை இழுத்து நீட்டி அணைப்பதற்கென்றே காந்தம் வைப்பது உண்டு. அத்தனைக்கும் மேலாகத்தான் ஒட்டிக்கொண்டதா என்ற சோதனை.

ரிலே திறந்தவுடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. இன்வர்ட்டருக்குள் மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. மேல்நிலைத் தொட்டியின் வால்வை மூடிய பிறகும் குழாயில் கொஞ்சம் தண்ணீர் நிற்குமே, அதுபோல அவற்றில் மின்னூட்டம் நிற்கும். அதை வடிய விட வேண்டும். விபத்து மீட்புப் பணியாளர்களுக்காக டொயோட்டா வெளியிட்ட கையேடுகளில், ஆஃப் செய்த பிறகும் உயர் மின்னழுத்தப் பகுதியில் 10 நிமிடம் வரை மின்சாரம் இருக்கக்கூடும் என்று எச்சரித்திருக்கிறார்கள். போனெட்டைத் திறந்தால் தெரியும் ஆரஞ்சு நிற வயர்களை வண்டி ஆஃப் ஆகியிருந்தாலும் தொடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

முதல் சில நிமிடங்கள்: பிரேக் பம்ப்

ஆஃப் செய்துவிட்டு ஓட்டுநர் கதவைத் திறக்கிறீர்கள், முன்பக்கத்திலிருந்து "ர்ர்ர்ர்" என்று ஓரிரு நொடி ஒரு மோட்டார் ஓடி நிற்கிறது. அல்லது இறங்கி, பையை எடுத்து, பூட்டி நடக்க ஆரம்பித்த பிறகு, ஆஃப் செய்து ஒன்றிரண்டு நிமிடத்தில், போனெட்டுக்கு அடியில் ஏதோ அசையும் சத்தம். இரண்டும் பிரேக் சம்பந்தப்பட்டவை.

எஞ்சின் வெற்றிடத்தை நம்ப முடியாது என்று மேலே சொன்னேன் அல்லவா? அதற்குப் பதிலாகப் பல ஹைபிரிட்களில் ஒரு மின் பம்ப் பிரேக் ஆயிலை அழுத்தி ஓர் அழுத்தச் சேமிப்புக் கலத்தில் நிரப்பி வைக்கும். பெடலை மிதித்தவுடன் அந்தச் சேமிப்பிலிருந்து அழுத்தம் கிடைக்கும். சேமிப்பு குறைந்தால் பம்ப் மறுபடியும் நிரப்பும். வேறு சில வண்டிகளில் இதற்குப் பதில் தனி வெற்றிட பம்ப் அல்லது மின்மோட்டாரால் இயங்கும் பூஸ்டர் இருக்கும், சத்தம் கொஞ்சம் மாறும், காரணம் ஒன்றுதான்.

கதவைத் திறந்தால் ஏன் ஓட வேண்டும்? கதவு திறந்தால் யாரோ ஓட்டப் போகிறார்கள் என்று வண்டி எடுத்துக்கொள்கிறது. அவர் உட்கார்ந்து பெடலில் கால் வைக்கும் முன்பே அழுத்தம் தயாராக இருக்க வேண்டும். நீங்கள் ஏறுகிறீர்களா இறங்குகிறீர்களா என்று கதவுக்குத் தெரியாது. சில வண்டிகள் சாவி பையில் இருக்க நீங்கள் பக்கத்தில் போனாலே விழித்துக்கொள்ளும். கண்ணாடி துடைக்கப் போகும்போது வண்டி உறுமுவது அதனால்தான். ஆஃப் செய்து ஒன்றிரண்டு நிமிடம் கழித்து வரும் சத்தம், பிரேக் அமைப்பு தன் வேலையை முடித்துக்கொண்டு ஓய்வுக்குப் போகும் சத்தம். வண்டி நின்றுவிட்டது, இனி யாரும் மிதிக்கப் போவதில்லை என்று உறுதியாகும் வரை அது காத்திருக்கிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சமதரையில், பார்க்கிங் பிரேக் போட்டு, வண்டியை ஆஃப் செய்துவிட்டு பெடலை நான்கைந்து தடவை மிதியுங்கள். இந்த வகை பிரேக் உள்ள வண்டியாக இருந்தால் நடுவில் பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். ஒரு தடவை கேட்டுப் பழகிவிட்டால் அப்புறம் எங்கே கேட்டாலும் அடையாளம் தெரிந்துவிடும். மனத்தில் பதிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பார்க்கிங் பிரேக் பற்றியும் ஒரு வரி. பட்டனால் போடும் மின் பார்க்கிங் பிரேக் இருந்தால், நிறுத்திச் சில நிமிடம் கழித்துப் பின்சக்கரங்களிலிருந்து "விர்ர்" என்று ஒரு குட்டிச் சத்தம் வரலாம். ஓடி வந்த பிரேக் தட்டு சூட்டில் விரிந்திருக்கும், ஆறும்போது சுருங்கும், பிடி தளரும். அதனால் சில வண்டிகள் தானாகவே ஒருமுறை இறுக்கிக்கொள்கின்றன. சரிவில் நிறுத்தியவர்களுக்கு இது மிக முக்கியமான வேலை.

முதல் அரை மணி: சூடு தணியும் நேரம்

இந்தப் பகுதியில் ஹைபிரிடுக்கென்று தனியாக அதிகம் இல்லை, எல்லாக் காரிலும் வருவதுதான். "டிக்... டிக்... டிக்" என்று அடியிலிருந்து வருவது சைலன்சர் குழாயும் அதன் மேல் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடும் ஆறிச் சுருங்கும் சத்தம். வெயிலில் காய்ந்த தகரக் கூரை பொழுது சாய்ந்ததும் இப்படித்தான் பேசும். ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாயின் சூடு 300 டிகிரி இறங்கினால் அது 3 மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும். அந்த மூன்று மில்லிமீட்டரும் ஒரே சீராகச் சுருங்காது, பிடிமானங்களில் சிக்கிச் சிக்கி விடுபடும். ஒவ்வொரு விடுபடலும் ஒரு "டிக்". முதலில் நெருக்கமாக வந்து, போகப் போக இடைவெளி விட்டு அடங்கும். அப்படி அடங்கினால் அது சூடு தணிவதுதான், வேறொன்றும் இல்லை. ஹைபிரிடில் எஞ்சின் அதிகம் ஓடாத நாளில் இந்தச் சத்தமே இல்லாமலும் போகும்.

டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து "உஸ்ஸ்" என்று வருவது ஏசி. கம்ப்ரஸர் ஒரு பக்கம் அதிக அழுத்தமும் மறுபக்கம் குறைந்த அழுத்தமும் உண்டாக்கி வைத்திருக்கும். அது நின்றதும் குளிர்வாயு சின்ன வால்வு வழியாகப் பாய்ந்து இரண்டு பக்கமும் சமமாகும். அடியில் சொட்டுவது ஏசியின் தண்ணீர், தெளிவாக, வாசனை இல்லாமல் இருந்தால் சரி. டேஷ்போர்டுக்குள் சின்னதாக ஏதோ நகர்ந்தால் அது காற்றைத் திருப்பிவிடும் மடல்களின் மோட்டார்.

ரேடியேட்டர் ஃபேனோ, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைச் சுற்றவிடும் பம்போ சில நிமிடம் ஓடிவிட்டு நிற்பதும் சகஜம். கடுமையாக ஏறி வந்து உடனே அணைத்தால் சில வண்டிகளில் கூடுதல் நேரம் ஓடும். பம்புகளைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய வண்டியை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. 2004 முதல் 2009 வரையிலான மாடல்களாக வட அமெரிக்காவில் விற்ற பிரியஸில், ஃபிளாஸ்க் மாதிரி வெப்பம் காக்கும் தொட்டி ஒன்று இருந்தது. வண்டியை ஆஃப் செய்ததும் ஒரு பம்ப் ஓடி, சூடான கூலன்ட்டை, சுமார் 3 லிட்டர், அந்தத் தொட்டிக்குள் தள்ளிவிடும். அங்கே அது 3 நாள் வரை சூட்டோடு இருக்கும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும் முன் அதைத் திரும்ப எஞ்சினுக்கு அனுப்பினால், குளிர்ந்த எஞ்சின் கக்கும் புகை குறையும். நேற்றைய சூட்டை இன்றைக்கு எடுத்து வைக்கும் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த வண்டிக்காரர்கள் நிறுத்திய பிறகு கேட்ட பம்ப் சத்தங்களில் ஒன்று இதுதான். அடுத்த தலைமுறையில் தொட்டியை எடுத்துவிட்டு, புகைக்குழாயின் சூட்டையே பிடித்துப் பயன்படுத்தும் ஏற்பாட்டுக்கு மாறினார்கள்.

இன்னொன்று, பெரிய பேட்டரியின் விசிறி. பல வண்டிகளில் பின்சீட்டின் ஓரத்தில் ஒரு சின்ன ஜன்னல் போலக் காற்றுத் துளை இருக்கும், வண்டிக்குள் இருக்கும் காற்றை இழுத்துப் பேட்டரியைக் குளிர்விக்கும். ஓடும்போது கேட்கும் மெல்லிய ஊதல் அதுதான். அந்தத் துளையை பை, துணி, பொம்மை எதுவும் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூசி அடைத்தால் விசிறி அதிகமாக இரையும், பேட்டரி சூடாகும், அதன் ஆயுள் குறையும்.

ஐந்து மணி நேரம் கழித்து: பெட்ரோல் ஆவிச் சோதனை

என்னை அன்று இரவு விழிக்க வைத்த சத்தத்துக்கு வருகிறேன். பெட்ரோல் டேங்கில் எப்போதும் கொஞ்சம் ஆவி இருக்கும். அது வெளியே போனால் காற்று கெடும். அதனால் அதை ஒரு கரி நிரப்பிய டப்பாவுக்குள் அனுப்புகிறார்கள், கரி ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எஞ்சின் ஓடும்போது அதை உறிஞ்சி எரித்துவிடும். டேங்க், டப்பா, குழாய்கள், மூடி எல்லாம் சேர்ந்து காற்றுப் புகாத ஒரே அறை போல இருக்க வேண்டும். எங்காவது ஓட்டை விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது, வண்டியும் வழக்கம்போல ஓடும். அதனால் வண்டியே சோதிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1996 மாடல்கள் முதல் கட்டாயமான ஓபிடி-2 விதிமுறைகளில் (வண்டி தன் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களைத் தானே சோதிக்க வேண்டும் என்பவை) இந்தச் சோதனையும் உண்டு. 2000 முதல் படிப்படியாக, அரை மில்லிமீட்டர் ஓட்டையைக்கூடக் கண்டுபிடிக்க வேண்டும் என்று இறுக்கினார்கள். அரை மில்லிமீட்டர் என்றால் பேனா முனையில் வரும் கோட்டின் தடிமன்.

அந்த அளவு ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது? டொயோட்டாவின் வழி அழகானது. கரி டப்பாவோடு ஒரு குட்டி வெற்றிட பம்ப் இருக்கிறது, கூடவே துல்லியமாகப் போட்ட ஒரு 0.5 மில்லிமீட்டர் துளையும். முதலில் பம்ப் அந்தத் துளை வழியாகவே காற்றை இழுத்துப் பார்க்கும். அரை மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால் அழுத்தம் எவ்வளவு இறங்கும் என்பதை அங்கேயே அளந்து குறித்துக்கொள்ளும். அப்புறம் ஒரு வால்வு திரும்பும், பம்ப் இப்போது டேங்க் முழுவதிலிருந்தும் இழுக்கும். குறித்து வைத்த அளவைவிட அழுத்தம் கீழே இறங்கினால் டேங்க் இறுக்கமாக இருக்கிறது. அந்த அளவைத் தொட முடியாமல் நின்றால் எங்கோ கசிகிறது. கையில் அளவுகோலை வைத்துக்கொண்டே அளப்பது மாதிரி. நான் கேட்ட "ம்ம்ம்ம்" அந்தப் பம்ப், கடைசியில் கேட்ட "டிக்" வால்வு.

இதை ஏன் நடுராத்திரியில் செய்ய வேண்டும்? ஓடி வந்த வண்டியில் பெட்ரோல் சூடாக இருக்கும், ஆவி கிளம்பியபடி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும், அளவு தப்பாகும். குலுங்கும்போதும் அளக்க முடியாது. எல்லாம் ஆறி அடங்க 5 மணி நேரம் விடுகிறார்கள். அப்போதும் எஞ்சின் 35 டிகிரிக்குக் கீழே ஆறவில்லை என்றால் 7 மணி நேரத்தில் மறுபடி முயலும், அதிலும் முடியாவிட்டால் ஒன்பதரை மணி நேரத்தில். ஒருநாள் 5 மணி நேரத்தில் கேட்டது, இன்னொரு நாள் விடியற்காலையில் கேட்கிறது என்றால் குழம்ப வேண்டாம், இதுதான் காரணம். எல்லா நாட்டு வண்டிகளிலும் இந்தப் பம்ப் இருக்காது, உங்கள் வண்டியில் உண்டா என்பதைக் கையேடு சொல்லும்.

சார்ஜ் போடும் ஹைபிரிட் என்றால் ராத்திரிச் சத்தம் இன்னும் கூடும். சார்ஜ் வயரைச் செருகியதும் ரிலே "டக்" என்று மூடும், சார்ஜரைக் குளிர்விக்க பம்பும் ஃபேனும் ஓடும், நேரம் குறித்து வைத்திருந்தால் நீங்கள் தூங்கும்போது எல்லாம் தானாகத் தொடங்கும். 12 வோல்ட் பேட்டரி இறங்கிப்போனால் பெரிய பேட்டரியிலிருந்து கொஞ்சம் எடுத்து நிரப்பிக்கொள்ளும் வண்டிகளும் உண்டு, அப்போதும் ரிலே சத்தம் கேட்கும். போன் ஆப்பில் வண்டியின் நிலையைப் பார்த்தாலே விழித்துக்கொண்டு "டிக்" என்பவையும் உண்டு. இந்த வகை வண்டிகளில் வாரக்கணக்கில் எஞ்சின் ஓடாமலே போகலாம், ஆவியை எரிக்க வழி இருக்காது. அதனால் பலவற்றில் பெட்ரோல் டேங்கை அழுத்தம் தாங்கும்படி செய்து மூடி வைத்திருப்பார்கள். பெட்ரோல் போடும் முன் ஒரு பட்டனை அழுத்திக் காத்திருக்கச் சொல்வது அந்த அழுத்தத்தை இறக்கத்தான்.

எஞ்சினே ஸ்டார்ட் ஆனால்

இதுவரை சொன்ன எதற்கும் பயப்பட வேண்டாம். இப்போது சொல்லப் போவதற்குப் பயப்பட வேண்டும்.

நிறுத்தி வைத்த வண்டியில், யாரும் தொடாமலே எஞ்சின் ஸ்டார்ட் ஆகி ஓடுகிறது என்றால், அது ஆஃப் செய்த பிறகு வரும் சத்தம் இல்லை. வண்டி ஆஃப் ஆகவே இல்லை. பட்டன் ஸ்டார்ட் ஹைபிரிடில் இது எளிதாக நடக்கும். வீட்டுக்கு வந்து சேரும்போது எஞ்சின் ஏற்கெனவே நின்றிருக்கும், சுற்றிலும் அமைதி, ஆஃப் ஆகிவிட்டது என்று நினைத்து சாவியோடு இறங்கிவிடுவோம். வண்டியோ தயார் நிலையிலேயே இருக்கும். கொஞ்ச நேரத்தில் பெரிய பேட்டரி இறங்கும், அதை நிரப்ப எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகும். மூடிய கேரேஜாக இருந்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும், வீட்டுக்குள்ளும் பரவும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவர்களை எழுப்பாது. சாவியில்லாத ஸ்டார்ட் உள்ள வண்டிகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் தானாக அணையும் வசதியை அமெரிக்காவில் விற்கும் தன் 2020 மாடல்களிலிருந்து சேர்ப்பதாக டொயோட்டா 2019இல் அறிவித்தது.

இறங்கும் முன் டேஷ்போர்டில், வண்டி ஓடத் தயாராக இருப்பதைக் காட்டும் "ரெடி" விளக்கு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். காதை நம்ப வேண்டாம், கண்ணால் பாருங்கள். சாவியோடு இறங்கும்போது வண்டி பீப் பீப் என்று கத்தினால் திரும்பிப் போய்ப் பாருங்கள். முறையாக ஆஃப் செய்த ஹைபிரிடின் எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகாது. தூரத்திலிருந்து ஸ்டார்ட் செய்யும் வசதியை யாராவது பயன்படுத்தினால் மட்டும் ஆகும், மூடிய இடத்தில் அதையும் பயன்படுத்தக் கூடாது.

மற்றபடி மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியவை சில உண்டு. ஓட்டும்போதோ ரெடியில் நிற்கும்போதோ, பெடலைத் தொடாமலே பிரேக் பம்ப் சில நொடிக்கு ஒரு முறை ஓடிக்கொண்டிருந்தால் அழுத்தம் எங்கோ நிற்காமல் போகிறது, தள்ளிப்போட வேண்டாம். பிரேக் விளக்கு எரிந்தால் ஓட்டவே வேண்டாம். ஆன் செய்யும்போது ரிலே "டக்டக்டக்டக்" என்று படபடத்தால் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி பலவீனம். ஃபேன் அரை மணியைத் தாண்டியும் நிற்காமல் ஓடினாலும், போனெட்டுக்கு அடியில் கொதிக்கிற மாதிரி களகளவென்று கேட்டாலும், கூலன்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறந்துவிடாதீர்கள். பெட்ரோல் நாற்றம், கருகல் வாடை, புகை ஆகிய மூன்றில் எது வந்தாலும் சத்தம் எதுவாக இருந்தாலும் கவலைப்பட வேண்டியதே, வண்டியை விட்டுத் தள்ளி நின்று உதவிக்கு அழையுங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது வண்டி அந்தச் சத்தத்தைப் போடாது, எப்போதும் இப்படித்தான். அதனால் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவின் ஆரம்பத்திலேயே வாயால் சொல்லுங்கள்: "ஆறேகாலுக்கு ஆஃப் செய்தேன், இப்போது மணி பதினொன்றேகால், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன்." அப்புறம் பேசாமல் ஒரு நிமிடம் போனைப் பிடித்தபடி நில்லுங்கள். சத்தம் நின்றதும் எத்தனை நிமிடம் ஓடியது என்பதையும் சொல்லிவிட்டுப் பதிவை நிறுத்துங்கள்.